அறுபத்திரண்டு எட்டு

பக்காலா வாசலிலிருந்து
டிரான்ஸ்ஃபார்மர் அறைச் சுவர் வரை
அறுபத்திரண்டு எட்டு.
ஆகஸ்டில் எழுபது ஆகும்,
நிழலுக்கு வளைந்து வளைந்து நடப்பதால்.

ஹவல்லியில் இந்தத் தெருவுக்குப் பெயர் கிடையாது.
எண் உண்டு, இரண்டு முறை மாறிய எண்.
டாக்சிக்காரர்களுக்கு
இலந்தை மரத்துக்குப் பின்னால்.
மரம் போய் ஒன்பது வருஷம்.
இன்னும் சரியாகத்தான் கொண்டுவந்து விடுகிறார்கள்.

நான் மீட்டர் பார்க்கிறவன்.
மாதம் ஒரு தரம், ஏழு கட்டடம், நாற்பத்தெட்டுப் பெட்டி.
யார் வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.
யார் வீட்டில் ராத்திரி தூக்கமில்லை என்று மட்டும் தெரியும்.

எனக்கு முன்னால் பார்த்தவர் முட்டத்துக்காரர், ததேயுஸ்.
ஊருக்குப் போகிற அன்று
நாலு பேரேட்டை என் கையில் தள்ளினார்,
எடைக்குப் போட மனசில்லை என்று.

முதல் பேரேடு அரபிக் கையெழுத்து.
அறுபத்தாறில் ஒரே வீடு, நடுவில் முற்றம்,
அபு மிஷாரி, மாதம் நாற்பது யூனிட்.
முற்றத்தில் படுத்திருப்பார்கள் போல;
மின்விசிறிகூட இல்லாத கணக்கு.
பிறகு எண்ணெய் விலை ஏறியது.
முற்றம் இருந்த இடத்தில் மூன்று மாடி,
ஒரு முள் இருந்த சுவரில் ஆறு முள்.
அபு மிஷாரி வேறு பேட்டைக்குப் போய்
வாடகைக்கு மட்டும் வந்தார்.

எகிப்துக்காரர் சப்ரி, தையல், கீழ்த்தளம்:
பெருநாளுக்கு முந்தின மாதம்
இஸ்திரிப்பெட்டி மட்டுமே இருநூறு யூனிட் தின்றிருக்கிறது.
இரண்டாம் மாடி, ஜெனின் ஊர் நுஹா டீச்சர்:
மார்ச், ஏப்ரலில் கூடுகிறது.
ஓரத்தில் ததேயுஸின் பென்சில்:
"கணக்குப் பாடம். பதினாலு செருப்பு வாசலில்."

தொண்ணூறு ஆகஸ்டிலிருந்து ஏழு மாதம் வெள்ளைத்தாள்.
ததேயுஸ் அப்போது ஜோர்டான் எல்லையில்,
கூடாரத்தில், ரொட்டிக்கு வரிசையில்.
பேரேடுகளைப் பக்காலாவில்
அரிசி மூட்டைக்கு அடியில் திணித்துவிட்டுப் போயிருந்தார்.
வெள்ளைப் பக்கம் ஒன்றில்
ஒரு வண்டு காய்ந்து ஒட்டியிருக்கிறது.

திரும்பி வந்து எடுத்த முதல் அளவு,
இரண்டாம் மாடி: 30417.
அடுத்த மாதம்: 30417.
அதற்கடுத்தது: 30417.
பதினாலு செருப்பில் ஒன்றும் இல்லை,
டீச்சரும் இல்லை,
அந்த வரிசையில் பாதிப் பெயர்கள் அம்மானுக்குப் போய்விட்டன.
எங்கிருந்து ததேயுஸ் வந்தாரோ அந்தப் பக்கம்.

இரண்டரை வருஷம் ஒரே எண்.
மேற்படி என்று இரண்டு புள்ளி வைத்திருக்கலாம்.
வைக்கவில்லை.
ஒவ்வொரு மாதமும் மாடி ஏறி
ஐந்து இலக்கமும் முழுசாக எழுதியிருக்கிறார்.

பிறகு ஒரு டிசம்பரில்: 30419.
இரண்டே யூனிட்.
பேனா அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்திருக்கிறது.
ஓரத்தில் பென்சில்:
"ஓடிப்போய் விசாரித்தேன். பெயின்டர்."

இப்போது அங்கே பதினொரு பேர்,
பிளைவுட் தடுப்பு, மூன்று ஏசி,
இரண்டு ஷிஃப்டுக்கும் ஒரே கட்டில்.
முள் நிற்பதே இல்லை.
பெட்டி மேல் பெயர் ஒட்டிய டேப்:
ஜாகிர், அதன் கீழே சித்ராங்கனி,
அதன் கீழே நகத்துக்கு வராத ஒன்று.

போன வாரம் புது மீட்டர் வந்து இறங்கியது.
தானே எண்ணித் தானே அனுப்பிவிடுமாம்,
நான் வரத் தேவையில்லை.
நேப்பாளத்துப் பையன் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டே கேட்டான்:
"பழசெல்லாம் எங்கே போடுவது, பாய்?"
லாரியைக் காட்டினேன்.
எல்லாம் சைபரிலிருந்து தொடங்குகின்றன.

கடைசி அளவை எழுதி, தேதி போட்டு,
பேரேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
பக்காலா வரை எண்ணினேன்.
அறுபத்தாறு வந்தது.
நிழலும் இல்லாத நேரம்.
முழங்காலைத்தான் சொல்ல வேண்டும்.